தலையை மெல்லத் தொட்டால் வலி போகுமா? 'கிரேனியோசேக்ரல் தெரபி'க்குப் பணம் கட்டும் முன்...

சின்னாளப்பட்டி, வேடசந்தூர், வத்தலகுண்டு என்று திண்டுக்கல் பக்கம் எந்த வீட்டிலும் நடக்கக்கூடிய காட்சிதான் இது. பிறந்து நாற்பது நாள்கூட ஆகாத குழந்தை. சாயங்காலம் ஆறு மணிக்கு அழ ஆரம்பித்தால் ராத்திரி பத்து மணி வரை ஓய்வதில்லை. "யாரோ தூக்கத் தெரியாம தூக்கியிருக்காங்க. உரம் விழுந்திருக்கு. நாளைக்கு வெள்ளன கொண்டுபோயி உரம் எடுத்துட்டு வந்துரலாம்" என்கிறார் மாமியார். "இல்லத்தை, இதைக் கொஞ்சம் பாருங்களேன்" என்று செல்போனை நீட்டுகிறார் மருமகள்.

வெள்ளைத் துணி விரித்த மேஜை, மெல்லிய இசை. குழந்தையின் தலைக்கு அடியில் விரல்களை மட்டும் வைத்துக்கொண்டு கண்மூடி உட்கார்ந்திருக்கிறார் ஒரு பெண். கொஞ்ச நேரத்தில் குழந்தை தூங்கிப்போகிறது. வீடியோவின் கீழே 'கிரேனியோசேக்ரல் தெரபி' என்று போட்டிருக்கிறது. ஒற்றைத் தலைவலி, கழுத்து வலி, தூக்கமின்மை, மன அழுத்தம், ஆட்டிசம் என்று அது சரிசெய்யும் பிரச்னைகளின் பட்டியலும் நீளமாக ஓடுகிறது.

சென்னை, பெங்களூரு, ஆரோவில் பக்கமெல்லாம் சில ஆண்டுகளாகவே கிடைக்கும் சிகிச்சை இது. இப்போது செல்போன் வழியாக எல்லா ஊருக்கும் வந்துவிட்டது. பஸ் ஏறிப் போய்ப் பார்த்துவிடலாமா என்று யோசிப்பவர்கள், அதற்கு முன் சில விஷயங்களைத் தெரிந்துகொள்வது நல்லது.

என்ன செய்கிறார்கள்?

'கிரேனியம்' என்றால் மண்டை ஓடு. 'சேக்ரம்' என்பது முதுகுத்தண்டின் அடியில், இடுப்புக்குப் பின்னால் இருக்கும் முக்கோண எலும்பு. இரண்டுக்கும் இடையே மூளையையும் தண்டுவடத்தையும் சுற்றி ஒரு திரவம் இருக்கிறது. பெரியவர்களுக்கு இது சுமார் 150 மில்லி, அதாவது ஒரு டம்ளர் அளவு. இந்தத் திரவம் நிமிடத்துக்கு ஆறு முதல் பன்னிரண்டு முறை ஒரு தாளத்தில் ஏறி இறங்குகிறது, அதற்கேற்ப மண்டை ஓட்டின் எலும்புகளும் மிக நுட்பமாக அசைகின்றன, அந்தத் தாளம் தடைபட்டால் நோய் வருகிறது, விரலால் தொட்டே தடையைக் கண்டுபிடித்து நீக்கலாம் என்பதுதான் இந்தச் சிகிச்சையின் அடிப்படை.

உடையைக் கழற்ற வேண்டியதில்லை. எண்ணெய் கிடையாது, நெட்டி முறிப்பது கிடையாது. மல்லாந்து படுத்துக்கொள்ள வேண்டும். தலை, கழுத்து, இடுப்பு, பாதம் என்று ஒவ்வொரு இடமாகச் சில நிமிடங்கள் கை வைப்பார்கள். அழுத்தம் ஐந்து கிராமுக்கு மேல் போகக் கூடாது என்பது கணக்கு. ஏறக்குறைய ஒரு இரண்டு ரூபாய் நாணயத்தின் எடைதான். முக்கால் மணி நேரத்திலிருந்து ஒரு மணி நேரத்தில் முடிந்துவிடும்.

இதற்கு விதை போட்டவர் வில்லியம் கார்னர் சதர்லேண்ட் என்ற அமெரிக்கர். அமெரிக்காவின் மிசூரி மாகாணத்தில், எலும்பு, தசைகளைக் கையால் சரிசெய்யும் 'ஆஸ்டியோபதி' கல்லூரியில் 19-ம் நூற்றாண்டின் கடைசியில் படித்துக்கொண்டிருந்தார். பிரித்து வைக்கப்பட்ட மண்டை ஓடு ஒன்றைப் பார்த்தபோது, காதுப் பக்க எலும்பின் விளிம்பு மீனின் செவுள் போலச் சரிந்திருப்பதாக அவருக்குத் தோன்றியது. செவுள் அசையும் என்றால் இதுவும் அசைவதற்காகத்தானே இப்படி இருக்க வேண்டும் என்று முடிவு செய்து, தன் தலையிலேயே பட்டைகளைக் கட்டி இறுக்கிப் பல ஆண்டுகள் சோதித்தார். 1939-ல் அதைப் பற்றிப் புத்தகம் எழுதினார். 1970-களில் ஜான் அப்லெட்ஜர் என்ற மருத்துவர், ஒரு கழுத்து அறுவை சிகிச்சையின்போது தண்டுவட உறை தனியொரு தாளத்தில் அசைவதைப் பார்த்ததாகச் சொல்லி, சதர்லேண்டின் கருத்தை விரிவுபடுத்தி 'கிரேனியோசேக்ரல் தெரபி' என்று பெயரிட்டார். 1985-ல் ஃபுளோரிடாவில் பயிற்சி நிறுவனம் தொடங்கினார். மருத்துவர்கள் அல்லாதவர்களும் இதைக் கற்றுக்கொண்டது அதன் பிறகுதான்.

ஒரே உடம்பு, இரண்டு தாளம்!

மூளையைச் சுற்றித் திரவம் இருப்பது உண்மை. அது துடிக்கிறது என்பதும் உண்மைதான். எம்.ஆர்.ஐ படத்தில் அந்தத் துடிப்பு தெரியும். ஆனால், அந்த அசைவை நடத்துவது இதயத் துடிப்பும் மூச்சும். தனியாக மூன்றாவது தாளம் ஒன்று இருப்பதற்கு நம்பகமான ஆதாரம் கிடைக்கவில்லை. வளர்ந்தவர்களின் மண்டை ஓட்டு எலும்புகள் ரம்பப் பல் போன்ற விளிம்புகளால் ஒன்றோடொன்று கோத்துக்கொண்டு இறுகியவை. நாணய எடைக்கு அவை அசைந்து கொடுக்கும் என்பதை ஏற்பது கடினம்.

சரி, கருவிக்குத் தெரியாதது தேர்ந்த விரலுக்குத் தெரியலாமே என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. நாடி பார்க்கும் பாரம்பர்யத்தில் வளர்ந்த நமக்கு அது முதலில் தோன்றுவதும் இயல்புதான். அதையும் சோதித்திருக்கிறார்கள். 1994-ல் வெளிவந்த ஓர் ஆய்வில் மூன்று பிசியோதெரபிஸ்டுகள் பன்னிரண்டு பேரைத் தனித்தனியாகத் தொட்டு, தாளத்தின் வேகத்தைக் குறித்தார்கள். ஒருவர் சொன்னது மற்றவர் சொன்னதோடு பொருந்தவே இல்லை. 1998-ல் இன்னொரு சோதனை. ஒருவரைப் படுக்க வைத்து, ஒரு பரிசோதகர் தலையிலும் இன்னொருவர் பாதத்திலும் ஒரே நேரத்தில் கை வைத்தார்கள். தாளம் உடம்பு முழுக்க ஓடுகிறதென்றால் இருவருக்கும் ஒன்றாகத்தானே தெரிய வேண்டும்? இருவரின் கணக்கும் ஒத்துப்போகவில்லை. சிகிச்சையாளர்கள் பொய் சொல்கிறார்கள் என்று இதற்குப் பொருள் இல்லை. அமைதியாக, நீண்ட நேரம் ஒருவர்மேல் கை வைத்திருந்தால் ஏதோ ஓர் அசைவு தெரியத்தான் செய்யும். தன் விரலின் நாடியா, எதிரில் இருப்பவரின் மூச்சா என்று பிரித்துச் சொல்வதுதான் முடியாத காரியம்.

ஆனாலும், சிலருக்கு வலி குறைகிறதே?

குறைகிறது. அதையும் மறைக்க வேண்டியதில்லை. ஜெர்மனியில் நாள்பட்ட கழுத்து வலி உள்ள 54 பேரை வைத்து நடந்த ஆய்வு 2016-ல் வெளியானது. ஒரு பிரிவினருக்கு இந்தச் சிகிச்சை, இன்னொரு பிரிவினருக்குச் சும்மா மென்மையாகத் தொடுதல். எட்டு வாரம் கழித்து, சிகிச்சை பெற்றவர்களுக்கு வலி கூடுதலாகக் குறைந்திருந்தது. 681 பேர் பங்கேற்ற பத்து ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்த அலசல் ஒன்றும் வலிக்கு ஓரளவு பலன் இருப்பதாகச் சொன்னது. ஆனால் 2024-ல், இன்னும் அதிக ஆய்வுகளைச் சேர்த்துச் சலித்துப் பார்த்த ஸ்பெயின் நாட்டு ஆய்வாளர்கள், எந்த நோய்க்கும் குறிப்பிடத்தக்க பலன் இல்லை என்ற முடிவுக்கு வந்தார்கள். இதில் சிக்கல் என்னவென்றால், தொடும் சிகிச்சையில் தொடுபவருக்குத் தான் செய்வது நிஜமா, ஒப்புக்கா என்று தெரிந்தே இருக்கும். மாத்திரையைப் போல அதை உறைக்குள் ஒளித்து வைக்க முடியாது.

ஒரு பழக்கத்தை முயன்று, எண்ணிப் பார்த்து முடிவு செய்வது திண்டுக்கல்லுக்குப் புதிதல்ல. டாக்டர் சௌந்தரம் ராமச்சந்திரன் உருவாக்கிய காந்திகிராமத்தின் சுகாதாரப் பணியாளர்கள், 1959 தொடங்கிப் பத்தாண்டுகள் ஆத்தூர் ஒன்றியத்தின் கிராமங்களில் குடும்பநலத் திட்டத்தை நடத்தி, பிறப்புகளை எண்ணிக் கணக்கு வைத்தார்கள். அது நாட்டுக்கே பாடமானது. 'எனக்குத் தெரிஞ்ச ஒருத்தருக்குச் சரியாச்சு' என்பதற்கும் அப்படி எண்ணிப் பார்த்ததற்கும் உள்ள தூரம்தான், இந்தச் சிகிச்சை விஷயத்திலும் கவனிக்க வேண்டியது.

தாளமும் இல்லை, எலும்பும் அசையவில்லை என்றால் வலி எப்படிக் குறைகிறது? வேடசந்தூர் பக்கத்து நூற்பாலையில் இரவு ஷிஃப்ட் முடித்து வருபவரை, சின்னாளப்பட்டித் தறியில் நாள் முழுக்கக் குனிந்திருப்பவரை, ஒட்டன்சத்திரம் மார்க்கெட்டில் மூட்டை தூக்குபவரை நினைத்துப் பாருங்கள். செல்போன் இல்லாத ஓர் அமைதியான அறையில், முக்கால் மணி நேரம் யாரும் கூப்பிடாமல் மல்லாந்து படுத்திருக்க அவர்களுக்கு எப்போது வாய்த்தது? இதமான தொடுதலில் மூச்சு சீராகும், இறுகிய கழுத்துத் தசை தளரும், தூக்கம் வரும். தலைவலிகளில் பெரும்பாலானவை இறுக்கத்தாலும் தூக்கக்குறைவாலும் கூடுபவைதான். இன்னொன்றும் உண்டு. வலி உச்சத்தில் இருக்கும்போதுதான் நாம் புதிதாக ஒரு சிகிச்சையைத் தேடிப் போவோம். உச்சத்துக்குப் போன வலி, ஒன்றும் செய்யாவிட்டாலும் கொஞ்சம் இறங்கத்தான் செய்யும். பெயர் மட்டும் கடைசியாகப் பார்த்தவருக்குப் போய்விடும்.

ஆகவே, மற்றபடி ஆரோக்கியமாக உள்ள ஒரு பெரியவர், உடம்பு தளர்ந்து கொஞ்சம் நிம்மதியாக இருக்கட்டும் என்று நினைத்துப் போனால் பெரிய கேடு எதுவும் இல்லை, பணம்தான் செலவு. வேறொரு நோய்க்குச் செய்ய வேண்டிய வைத்தியத்தைத் தள்ளிப்போட்டுவிட்டு இதற்குப் போவதுதான் ஆபத்து. அந்த ஆபத்து அதிகம் இருப்பது இரண்டு பேருக்கு. பச்சிளம் குழந்தைக்கும், அதைப் பெற்ற தாய்க்கும்.

உச்சிக்குழியும் உரமும்

குழந்தையின் மண்டை ஓடு நம்முடையதைப் போல இறுகியதல்ல. எலும்புகளுக்கு இடையே இடைவெளி இருக்கும். பின்பக்கக் குழி இரண்டு, மூன்று மாதங்களில் மூடிவிடும். முன்பக்க உச்சிக்குழி பெரும்பாலும் ஒன்றரை வயதுக்குள் மூடும். மூளை வளர்வதற்காக இயற்கை விட்ட இடம் அது.

அந்த இடத்தில் பாட்டி எண்ணெய் வைத்தாலும் சரி, பயிற்சி பெற்றவர் விரல் வைத்தாலும் சரி, அழுத்தக் கூடாது. குளிப்பாட்டும்போது தலையை உருட்டி 'வடிவம்' கொண்டுவருவதும் வேண்டாம். பிரசவத்தில் நீண்டுபோன தலை, சில நாள்களிலிருந்து சில வாரங்களுக்குள் தானாகவே உருண்டையாகிவிடும். உருட்டி விட்டதால் வந்தது என்று நாம் நினைத்துக்கொள்கிறோம். சேலையில் கிடத்தி, இரண்டு பேர் முனைகளைப் பிடித்து உருட்டி உரம் எடுப்பதிலும் கழுத்து நிற்காத குழந்தைக்கு ஆபத்து இருக்கிறது. மாமியாரின் கவலையில் தவறில்லை. கழுத்துத் தசை இறுகி, தலையை ஒரே பக்கம் சாய்த்தே வைத்திருக்கும் குழந்தைகள் உண்டு. அதற்குக் குழந்தை மருத்துவரும் பிசியோதெரபிஸ்ட்டும் சொல்லிக்கொடுக்கும் எளிய பயிற்சிகளே போதும்.

சாயங்கால அழுகைக்கு வருவோம். நன்றாகப் பால் குடித்து, எடை ஏறும் குழந்தை, காரணமில்லாமல் மணிக்கணக்கில் அழுவதை 'கோலிக்' என்பார்கள். இரண்டாவது வாரத்தில் ஆரம்பித்து, ஆறாவது வாரத்தில் உச்சத்துக்குப் போய், மூன்று, நான்கு மாதத்தில் தானாக அடங்கிவிடும். ஆறாவது வாரத்தில் எதைச் செய்தாலும் எட்டாவது வாரத்தில் அழுகை குறையும். உரம் எடுத்தாலும் குறையும், கிரேனியோசேக்ரல் செய்தாலும் குறையும், ஓமத் தண்ணீர் கொடுத்தாலும் குறையும். (ஆறு மாதம் வரை தாய்ப்பால் தவிர எதுவும் கொடுக்கக் கூடாது என்பதால் ஓமத் தண்ணீரும் வேண்டாம்.) கோலிக்கில் இந்தச் சிகிச்சை பலன் தந்ததாகச் சொன்ன ஆய்வில், ஒப்பிடப்பட்ட குழந்தைகளுக்கு எந்தச் சிகிச்சையும் தரப்படவில்லை. அழுகை நேரத்தைக் குறித்தவர்கள் பெற்றோர்கள்தான். தங்கள் குழந்தைக்கு என்ன செய்தார்கள் என்பது அவர்களுக்குத் தெரியும்.

எப்போது எதற்கும் காத்திருக்காமல் ஓட வேண்டும்? மூன்று மாதத்துக்கு உட்பட்ட குழந்தைக்குக் காய்ச்சல் வந்தால், பால் குடிக்க மறுத்தால், பச்சையாக வாந்தி எடுத்தால், துவண்டுபோனால், வலிப்பு வந்தால் உடனே மருத்துவமனை. அழாமல் அமைதியாக இருக்கும்போதும் உச்சிக்குழி புடைத்திருந்தால் மூளைக்காய்ச்சலாக இருக்கலாம். நன்றாகக் குழிந்து போயிருந்தால் உடம்பில் நீர்ச்சத்து வற்றிவிட்டது என்று அர்த்தம். வயிற்றுப்போக்கு உள்ள குழந்தைக்குக் குழிந்த உச்சியை மேலே தூக்கிவிட எந்த விரலாலும் முடியாது. உள்ளே நீர் போக வேண்டும்.

தலை ஒரு பக்கம் தட்டையாக இருப்பது பெரும்பாலும் ஒரே பக்கம் படுப்பதால் வருவது. மல்லாக்கப் படுக்க வைத்துத் தூங்கச் செய்வதுதான் பாதுகாப்பு. விழித்திருக்கும்போது, பக்கத்தில் ஆள் இருக்க, சிறிது நேரம் குப்புறப் படுக்க வைத்தால் போதும். ஆனால், சில குழந்தைகளுக்கு மண்டை ஓட்டின் இணைப்புகள் காலத்துக்கு முன்பே இறுகிவிடும். 'கிரேனியோசினோஸ்டோசிஸ்' என்று பெயர். அரிதானதுதான், ஆனால் அதற்கு அறுவை சிகிச்சை தேவைப்படும், அதுவும் பெரும்பாலும் முதல் வயதுக்குள். 'பத்து சிட்டிங் பாருங்க, தலை சரியாயிடும்' என்று யாரோ சொன்னதை நம்பி எட்டு மாதம் ஓடிவிட்டால், அந்த எட்டு மாதம் திரும்ப வராது.

ஆட்டிசம், பேச்சுத் தாமதம் என்று சொல்லி அழைப்பவர்களிடம் இன்னும் கவனம் தேவை. இந்தச் சிகிச்சையால் அவை மாறும் என்பதற்கு நல்ல ஆதாரம் இல்லை. அரசு மாவட்ட மருத்துவமனைகளோடு இயங்கும் ஆரம்பநிலை இடையீட்டு மையங்களில் பரிசோதனையும் பயிற்சியும் இலவசம்.

பிள்ளை பெற்றவளின் தலைவலி

பிரசவமான பெண்ணுக்குத் தலை வலித்தால் 'தூக்கம் இல்ல, அதான்' என்று சொல்லிவிடுவது நம் வழக்கம். பல நேரம் அது சரியாகவும் இருக்கும். ஆனால், சிசேரியனுக்கு முதுகில் ஊசி போட்ட சிலருக்கு, ஓரிரு நாளில் எழுந்து உட்கார்ந்தால் மண்டையைப் பிளக்கும் வலி வரும், படுத்தால் குறையும். ஊசி போட்ட நுண்ணிய துளை வழியே அந்த மூளைத் திரவம் கசிவதுதான் காரணம். வேடிக்கை என்னவென்றால், மூளைத் திரவம் உண்மையிலேயே தலைவலி தரும் இடம் இதுதான், இங்கே தலையில் கை வைப்பது வைத்தியம் அல்ல. மயக்க மருந்து நிபுணரிடம் இதற்குத் தெளிவான சிகிச்சை இருக்கிறது.

இன்னொன்று இதைவிடக் கடுமையானது. பிரசவத்துக்குப் பிந்தைய வாரங்களில் மூளையின் ரத்தக் குழாயில் ரத்தம் உறைந்துபோகலாம். பச்சை உடம்புக்காரிக்குத் தண்ணீர் கொடுக்கக் கூடாது என்ற பழக்கத்தால் நீர்ச்சத்து வற்றுவது, இந்தியாவில் இதற்கு ஒரு காரணமாக மருத்துவர்களால் நெடுங்காலமாகச் சொல்லப்படுகிறது. நாளுக்கு நாள் கூடும் தலைவலி, வாந்தி, பார்வை மங்கல், வலிப்பு, கை கால் பலவீனம் என்று எது வந்தாலும் அன்றைக்கே பெரிய மருத்துவமனைக்குப் போக வேண்டும். பிரசவத்துக்குப் பிறகு ரத்த அழுத்தம் ஏறினாலும் இதே அறிகுறிகள் வரும்.

மற்றவர்களுக்கும் சில எச்சரிக்கைகள் உண்டு. திடீரென்று இடி விழுந்தாற்போல் வந்த வலி, ஐம்பது வயதுக்கு மேல் முதன்முதலாக வந்த வலி, காய்ச்சலோடு கழுத்து வளைக்க முடியாத வலி, பைக்கிலிருந்து விழுந்த பிறகு வந்த வலி, வாய் குழறுதல் ஆகியவற்றுக்கு 108-ஐ அழைக்க வேண்டும். தலையில் அடிபட்டவர்கள், மூளையில் ரத்தக்கசிவோ வீக்கமோ இருந்தவர்கள், அண்மையில் முதுகில் ஊசி வைத்தவர்கள் இந்தச் சிகிச்சையை எடுக்கவே கூடாது. தலைக்காயம் பட்ட 55 பேருக்கு இதைச் செய்து பார்த்த அமெரிக்க மருத்துவர்களே, அவர்களில் மூன்று பேருக்குப் பாதிப்பு ஏற்பட்டதாக 1995-ல் எழுதியிருக்கிறார்கள்.

போவதென்றே முடிவு செய்தால்...

இந்தியாவில் கிரேனியோசேக்ரல் தெரபிக்கென்று தனி உரிமமோ கவுன்சிலோ கிடையாது. ஆயுர்வேதம், யோகா, இயற்கை மருத்துவம், யுனானி, சித்தா, ஹோமியோபதி போல ஆயுஷ் பட்டியலிலும் அது இல்லை. சுவரில் மாட்டியிருக்கும் சான்றிதழ் நான்கு நாள் பயிற்சிக்குக் கிடைத்ததாகவும் இருக்கலாம், இரண்டாண்டு படிப்புக்குக் கிடைத்ததாகவும் இருக்கலாம். எனவே, அடிப்படையில் என்ன படித்திருக்கிறார் என்பதைத்தான் கேட்க வேண்டும். பிசியோதெரபியில் பட்டம் பெற்றவரா, இயற்கை மருத்துவரா, வேறு துறையிலிருந்து வந்தவரா? பெயருக்கு முன்னால் டாக்டர் என்றிருந்தால் எந்தப் படிப்பில் டாக்டர்?

உங்கள் நோய்களை, சாப்பிடும் மாத்திரைகளை முதலில் விசாரிக்கிறாரா என்று பாருங்கள். விசாரிக்காமல் படுக்கச் சொன்னால் எழுந்து வந்துவிடலாம். 'மாத்திரையை நிறுத்துங்க' என்று சொன்னாலும் அப்படியே. பி.பி, சர்க்கரை, வலிப்பு மாத்திரைகளை நிறுத்தச் சொல்ல அவருக்கு வேலை இல்லை. பத்து சிட்டிங்குக்கு மொத்தமாகப் பணம் கட்டச் சொன்னால், ஒன்றுக்கு மட்டும் கட்டுகிறேன் என்று சொல்லலாம். பெண்களும் குழந்தைகளும் தனியாகப் போக வேண்டாம், கூட ஒருவர் அறைக்குள் இருக்கலாமா என்று போனிலேயே கேட்டுவிடுங்கள். மறுத்தால் அங்கே போக வேண்டியதில்லை.

கழுத்து வலிக்குத்தான் என்றால், பிசியோதெரபிஸ்ட் கற்றுத்தரும் பயிற்சிகளுக்கு இதைவிட உறுதியான ஆதாரம் இருக்கிறது. நடக்க முடியாத பெரியவர்கள் வீட்டில் இருந்தால், 2021-ல் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் பிசியோதெரபி வீட்டுக்கே வருகிறது. ஒற்றைத் தலைவலிக்காரர்கள் இன்னொரு கணக்கையும் பார்க்க வேண்டும். மாதத்தில் பத்து, பதினைந்து நாளுக்கு மேல் வலி மாத்திரை போட்டால், அந்த மாத்திரையே தினசரித் தலைவலியைக் கொண்டுவரும். திண்டுக்கல் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் புறநோயாளிச் சீட்டு வாங்கும்போது, எத்தனை நாள் என்ன மாத்திரை போட்டீர்கள் என்ற குறிப்பைக் கையில் வைத்திருங்கள். மருத்துவர் கேட்கும் முதல் கேள்விகளில் அது ஒன்றாக இருக்கும். மருத்துவ ஆலோசனைக்கு 104-லும், மன அழுத்தமும் தூக்கமின்மையும் வாட்டினால் 14416-லும் கட்டணமின்றித் தமிழில் பேசலாம்.

அந்த நாற்பது நாள் குழந்தைக்கு? ஆறாவது வாரத் தடுப்பூசி எப்படியும் வந்துவிட்டது. ஊசி போடப் போகும்போது தாய் சேய் நல அட்டையோடு மாமியாரும் மருமகளும் சேர்ந்தே போகலாம். எடை ஏறியிருக்கிறதா என்று பார்க்கச் சொல்லி, தலையின் சுற்றளவை டேப் வைத்து அளக்கச் சொல்லி, கழுத்து இரண்டு பக்கமும் ஒரே மாதிரி திரும்புகிறதா என்று மருத்துவரிடம் கேட்டால், உரமா இல்லையா என்பது அங்கேயே தெரிந்துவிடும். ஊசி போட்ட அன்று சாயங்காலம் குழந்தை வழக்கத்தைவிடக் கொஞ்சம் கூடுதலாகவே அழும். தோளில் போட்டு, முதுகை மெல்லத் தட்டிக்கொடுத்தபடி வாசலில் நடந்தால் போதும்.